காரையாறு அணையில் நான்கு நாள் கயாக் போகலாமா?

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த, இப்போது திருநெல்வேலியில் வேலை பார்க்கும் 36 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய தாத்தா பாபநாசம் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். சிறு வயதில் தாத்தாவோடு காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போயிருக்கிறார். "சத்தம்தான் முதல்ல வரும், அப்புறம்தான் அருவி கண்ணுக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். அந்த நினைவு அவரை விடவில்லை. காற்றடித்துப் பயன்படுத்தும் இரட்டை இருக்கை கயாக் மூன்று வாங்கிவிட்டார். பொங்கல் விடுமுறையில் ஆறு பேராக அணையில் இறங்கி, நான்கு பகல் மூன்று இரவு கரையோரமாகத் துடுப்புப் போட்டு, வழியில் டெண்ட் அடித்துத் தங்கி, தூண்டிலில் மீன் பிடித்துச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது திட்டம். ஆறாவது ஆள் அக்கா மகன், 16 வயது. அணைக்கு அந்தப் பக்கம் வசிக்கும் காணிக்காரப் பழங்குடி நண்பர் ஒருவர், "அண்ணே, நீங்க வாங்க, நம்ம குடிசைப் பக்கத்துலயே படுத்துக்கிடலாம்" என்று அழைத்திருக்கிறார். கயாக்கை மடித்துப் பையில் வைத்தால் செக்போஸ்ட்டில் தெரியாது என்பது நண்பர்களின் யோசனை. ஆளுக்கு 4,500 ரூபாய் வசூலித்து, 'சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

அவருடைய கேள்விகள் இவை: அணைத் தண்ணீர் பொதுச்சொத்துதானே, வனத்துறை எப்படித் தடுக்க முடியும்? நண்பரின் அழைப்பு போதாதா? அந்தப் பத்திரம் என்னைக் காப்பாற்றுமா? மாட்டினால் எவ்வளவு அபராதம் வரும்?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் அந்தப் படகில் போனவள்தான். அதனால் உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தை இப்படியே செய்யாதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். ஆசையை அடியோடு விடவும் நான் சொல்லப்போவதில்லை.

தண்ணீரும் காட்டுக்குள்தான் இருக்கிறது

நீங்கள் மட்டுமல்ல, வக்கீலான என்னிடம் வருகிற பலர் நினைப்பது இதுதான்: மரம் நிற்கிற இடம் காடு, தண்ணீர் நிற்கிற இடம் அணை. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. காரையாறு நீர்த்தேக்கம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அணையை எந்தத் துறை பராமரித்தாலும், மதகை யார் திறந்தாலும், எல்லைக்குள் கால் வைப்பதற்கும் துடுப்புப் போடுவதற்கும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் யார் அனுமதியில்லாமல் இருக்கலாம் என்று ஒரு சிறு பட்டியல் தருகிறது: பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலத்தில் உரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர், இப்படிச் சிலர். மற்ற எல்லோருக்கும் 28-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் அதன் நிபந்தனைப்படிதான் நடக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நன்றாகக் கவனியுங்கள். செக்போஸ்ட்டில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு என்று சொல்லி உள்ளே போய்விட்டு, ராத்திரி அணைக்கரையில் டெண்ட் அடித்தால், உள்ளே போகக் கிடைத்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது. அது எதற்குக் கொடுத்ததோ அதை மீறிவிட்டீர்கள் என்பதற்கே அது சாட்சியாகிவிடும்.

பையில் மடித்து வைக்கிற யோசனையைச் சொன்ன நண்பரிடம் என் பதிலைக் காட்டுங்கள். 'தெரியாமல் வந்துவிட்டோம் ஐயா' என்று சொல்ல ஒருவருக்கு இருக்கிற ஒரே வாய்ப்பை அந்தப் பை பறித்துவிடும். தெரியாதவன் எதற்கு ஒளித்துக்கொண்டு வருகிறான் என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்துக்குள் இருக்கிற உயிரினத்தையோ காட்டுப் பொருளையோ எடுக்கக் கூடாது என்கிறது 29-வது பிரிவு. மீனுக்கு அதில் விலக்கு இல்லை. சுடுவதற்கு நெருப்பு மூட்டினால், காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டக் கூடாது என்கிற 30-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

'அப்போ போனோமே, இப்போ ஏன் கூடாது' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான ஆதங்கம். அப்போது போனதும் அனுமதித்த படகில், பகலில், போய்விட்டு அன்றைக்கே திரும்பியதுதான். இரவில் அந்தக் கரை யாருடையது என்று உங்கள் காணி நண்பரைக் கேளுங்கள். யானை தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் உங்கள் டெண்ட் நின்றால், ஒன்று நீங்கள் ஓட வேண்டும், இல்லை அது தாகத்தோடு திரும்ப வேண்டும். சேற்று மேட்டில் முதலை வெயில் காயும் என்று அவரே சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தில் பார்த்துத் தங்குவதற்கு மூன்று மணல்திட்டு குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று பார்த்தீர்களா? தினமும் பேப்பரில் பாபநாசம் அணை (நம் காரையாறு அணைதான்) 143 அடி என்று போடுகிறார்களே, அது அணை கொள்ளும் உயரம். கோடையில் வெளியே தெரிகிற திட்டு, வடகிழக்குப் பருவமழை முடிந்த பொங்கல் சமயத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கலாம். அப்போது நீங்கள் மரங்களுக்கு நடுவேதான் கரையேற வேண்டியிருக்கும்.

உங்கள் நண்பரை நினைத்துத்தான் எனக்குக் கவலை

கடிதம் முழுவதும் 'நான் மாட்டுவேனா' என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் மாட்டுவாரா என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. அவர் அன்பாகத்தான் அழைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அங்கே இருப்பது அவருடைய உரிமை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அப்படிப்பட்ட உரிமையை அங்கீகரிக்கிறது. பிள்ளைகளுக்கு அது வாரிசாகப் போகும், வேறு யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ முடியாது என்றும் சொல்கிறது. தன் வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிடலாம், ஆனால் சரணாலயத்துக்குள் நுழைகிற அனுமதியை அவரால் தர முடியாது.

அப்புறம், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரையும் குற்றம் செய்தவராகவே பார்க்கச் சொல்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 52-வது பிரிவு. நீங்கள் வழக்கு வந்தால் வக்கீல் வைப்பீர்கள், ஆபீஸில் லீவு போட்டுக் கோர்ட்டுக்கு வருவீர்கள். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அணையைத் தாண்டி, பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் வர வேண்டும். அவர் தினமும் முகம் பார்த்து வாழ வேண்டியது அதே வனத்துறை ஊழியர்களோடுதான். நாளைக்குத் தேன் எடுக்கவோ, வீட்டைச் சரிசெய்யவோ அவர் போய் நிற்கும்போது, 'நீதானே அன்னைக்கு ஆள் கூட்டிட்டு வந்தவன்' என்கிற ஒரு வார்த்தை போதும். உங்களுடைய நான்கு நாள் சந்தோஷத்துக்கு அவர் பல வருஷம் விலை கொடுக்க நேரலாம்.

அவரைப் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம். சரணாலயத்துக்குள் வசிப்பவரோடு சட்டப்படியான காரியம் இருப்பதும் 28-வது பிரிவில் அனுமதி கேட்பதற்கான ஒரு காரணம். படகு, டெண்ட் எதுவும் இல்லாமல், பகலில் போய்வர அம்பாசமுத்திரத்தில் உள்ள காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்டதால் யாருக்கும் கெடுதல் வராது. சுற்றுலா என்கிற காரணமும் அதே பிரிவில் இருக்கிறது என்று நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் தனியார் குழு புலிகள் காப்பகத்துக்குள் சொந்தப் படகில் இரவு தங்கிப் போக அனுமதி கிடைக்கும் என்று நம்பி யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

'அபராதம் கட்டிட்டு வந்திடலாம்லா?'

இந்த வரியைப் படித்தபோது என்னிடம் வழக்குக்கு வந்த பழைய கட்சிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தது. வேறொரு அணையில் ரப்பர் படகோடு பிடிபட்ட பையன். அபராதம் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் அவனும் வந்தான். படகைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டோம். அதைப் பார்க்க அவனோடு நானும் போனேன். அலுவலகத்துப் பின்புறம் புளியமரத்தடியில் கிடந்தது. மஞ்சள் நிறமாக இருந்தது வெளுத்துப்போய், மடிப்பெல்லாம் வெடித்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அதில் புளிய இலை ஊறிக் கிடந்தது. காற்றடிக்கிற மூடியைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பொதுவாக இப்படிப்பட்ட மீறலுக்கு 51-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் நடந்த குற்றம் என்றால் அதே பிரிவில் தண்டனை இதைவிடக் கடுமை. 25,000 ஆக இருந்த அபராதம் 2022-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஒரு லட்சமானது. உங்கள் நண்பர்கள் சொல்லும் தொகை பழைய கணக்கு. வழக்கில்லாமல் பணம் கட்டி முடிக்கும் வழி 54-வது பிரிவில் இருக்கிறது. அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமையாகக் கேட்க முடியாது. அதன் உச்சவரம்பும் இப்போது ஐந்து லட்சம். படகு, வண்டி, கருவிகளைக் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு. எல்லோருக்கும் அதிகபட்சத் தண்டனை கிடைக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அரசு வேலைக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் குழுவில் இருக்கிறார். விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா' என்ற கட்டத்துக்கு நேராக அவர் என்ன எழுதுவார்?

அந்தப் பத்திரம்

20 ரூபாய் பத்திரத்தை நம்பாதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது, படகு வாங்கியது, பணம் வசூலித்தது எல்லாம் நீங்கள். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அமைப்பாளர் என்று உங்களைத்தான் பார்ப்பார்கள். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு வரும். ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இரண்டு ஆண்டுதான் இருந்தது. 'சொந்தப் பொறுப்பு' என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததால் அந்தக் குற்றப்பொறுப்பு போய்விடாது. அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றாலும், 16 வயதுப் பையன் விஷயத்தில் உங்கள் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. விபத்துக் காப்பீடு எடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். சாகச விளையாட்டு, சட்டமீறலின்போது நேர்ந்த விபத்து என்று இருந்தால் அது உங்களுக்கு உதவாது.

எல்லோருக்கும் நீச்சல் தெரியும், ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தாமிரபரணியில் குதித்து விளையாடியது வேறு. நடு அணையில், உடுப்போடு, துடுப்புப் போட்டுக் களைத்த கையோடு விழுவது வேறு. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

அப்படியானால் எங்கே போவது?

நான்கு நாள் துடுப்புப் போட்டு, தண்ணீருக்குப் பக்கத்திலேயே தூங்கி எழ வேண்டும். உங்கள் ஆசையின் சாரம் அதுதானே? அதற்கு நம் ஊரிலிருந்து கையெட்டும் தூரத்தில் கொல்லம் இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலே போகிறது. மலையைக் குடைந்து போகிற அந்தப் பாதைக்காகவே ஒருமுறை போகலாம். கொல்லத்தில் அஷ்டமுடி ஏரி, 61 சதுர கிலோமீட்டர் பரப்பு. கல்லடையாறு வந்து கலக்கிற இடத்தில் மன்றோ தீவு. அங்கே கயாக் வாடகைக்கு விடுகிறார்கள், வழிகாட்டியும் கிடைப்பார். பகல் முழுக்கத் துடுப்புப் போடுங்கள், இரவு கரையோர ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். டெண்டில்தான் தூங்குவேன் என்றால், வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் தோட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் இருக்கிற கண்டல் (அலையாத்தி மரங்கள்) மேடுகளில் வேண்டாம். அங்கே நமக்கு உரிமையும் இல்லை, காலடிக்கு உறுதியும் இல்லை.

இன்னும் பெரிய தண்ணீர் வேண்டுமென்றால் வேம்பநாடு. நாட்டிலேயே நீளமான ஏரி. ஆனால் முதல் பயணத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பொங்கல் சமயத்தில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை உப்புநீர் ஏறாமல் அடைத்து வைத்திருப்பார்கள். தெற்குப் பக்கம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் துடுப்பு இறங்காது. ஹவுஸ்போட் போகும் அலையும் உண்டு. அஷ்டமுடியிலும் நீண்டகரை முகத்துவாரத்துக்குக் கிட்டே போகாதீர்கள். கடல் உள்ளே வந்து வெளியே போகிற இடம், இழுப்பு அதிகம். கொல்லத்திலிருந்து வடக்கே போகும் தேசிய நீர்வழியில் பெரிய படகுகள் ஓடுகின்றன, அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டித்தான் கடக்க வேண்டும், அதன் நடுவிலேயே போகக் கூடாது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையேறிவிடுங்கள்.

காடுதான் வேண்டும் என்று மனம் அடம் பிடித்தால், தேக்கடியில் பெரியார் புலிகள் காப்பகமே மூங்கில் தெப்பப் பயணம் நடத்துகிறது. காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். நம் பக்கத்து மலையை நடந்து பார்க்க, 2024-ல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் திருநெல்வேலி மாவட்டத்துப் பாதையும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது. வாங்கின பணத்தை எல்லோருக்கும் கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுங்கள், அல்லது புது இடத்துக்கு மாற்றச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும். புதுப் பயணத்திலும் உள்ளூரில் தொழிலாகச் செய்கிறவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் உங்கள் தலையில் இருக்கும் பாரம் கணிசமாகக் குறையும். காணி நண்பருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம்.

மருமகனுக்கு லைஃப் ஜாக்கெட் ஆன்லைனில் வாங்கியிருக்கிறீர்கள், பெரியவர்கள் அளவில். அதை மாற்றுங்கள். அவனையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு, பட்டையெல்லாம் இறுக்கி, இரண்டு தோள்பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறி வந்தால் அது அவனுக்கு உதவாது. அடுத்த அளவு கேளுங்கள்.